மாடிப் பந்தல் சாய்ந்தது உன் கணக்கால் அல்ல

பாப்பா,

நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் உனக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் நாலு வரிதான். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, வரும்போது முன்கூட்டியே சொல், இவ்வளவுதான். இது நாலு வரியில் முடியாது. போன வியாழக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசினாயே, அப்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உன் தோழியோடு சேர்ந்து கோயம்புத்தூரில் சொந்தமாகக் கட்டட இஞ்சினியர் ஆபீஸ் திறக்கும் யோசனையை விட்டுவிட்டதாகச் சொன்னாய். ஏன் என்று அம்மா கேட்டாள். "நம்ம வீட்டு மாடியில நாலு காலு பந்தலயே என்னால நிக்க வைக்க முடியலம்மா. ஊரான் வீட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றாய். அழாமல், ரொம்ப நிதானமாகச் சொன்னாய். அந்த நிதானம்தான் என்னை என்னவோ செய்தது. அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்ததும் அம்மாவின் கை எப்படியிருக்கிறது என்று கேட்டாய். பரவாயில்லை என்றேன். அங்கே மழை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாய். இங்கேயும் உண்டு என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. எழுத்தில் என்றால் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தல் உன் கணக்கால் விழவில்லை. நீ போட்டுக் கொடுத்த படத்தின்படி அது கட்டப்படவே இல்லை. நான்தான் மாற்றினேன். மாற்றியதை உன்னிடம் மறைத்தேன். விழுந்த பிறகும் மறைத்தேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். மூட்டு தேய்ந்த பிறகு அம்மாவால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாடிப்படி ஏற முடிகிறது. ஏறினால் இறங்க மனசில்லை அவளுக்கு. மேற்கே மலையும், போடிமெட்டுச் சாலையில் வளைந்து வளைந்து ஏறும் வண்டிகளும் தெரியும் என்பதால் அங்கேயே உட்கார்ந்திருக்க ஆசை. ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் விடாது. நீ அதைப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனாய். மேலே சட்டம் மட்டும் போட்ட பந்தலைப் பெர்கோலா என்று நீ சொன்னதை அம்மா பரகோலா என்றாள், நீ சிரித்தாய். மூன்று நாள், காலை, மதியம், சாயங்காலம் என்று நிழல் எங்கெங்கே விழுகிறதென்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டாய். மேலே போடும் சட்டங்கள் தெற்கு வடக்காக ஓடவேண்டும், அப்போதுதான் காலையிலும் சாயங்காலத்திலும் சாய்ந்து வரும் வெயிலைத் தடுக்கும் என்றாய். நாலு காலும் கீழேயிருக்கிற பில்லருக்கும் பீமுக்கும் நேர் மேலேதான் வரவேண்டும், மாடித் தரையில் பதித்த தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு போல்ட்டை பீமின் கான்கிரீட்டுக்குள் இறக்கவேண்டும் என்றாய். நாலு மூலையிலும் சாய்வுக் கட்டை கொடுக்கச் சொன்னாய். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். "மேல எதையும் போட்டு மூடிறாதீகப்பா. ஆனி ஆடிக் காத்து உள்ள வந்து வெளிய போகணும். மூடுனா தூக்கிரும்."

நான் தலையாட்டினேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடவேண்டும். முப்பது வருடமாக மலையில் ஷெட்டு போட்டவனுக்கு இந்தப் பிள்ளை பந்தல் போடச் சொல்லித் தருகிறது என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமையைவிட எரிச்சல் கூடுதலாக இருந்தது. உன்னைப் படிக்க வைத்ததே இப்படிச் சொல்வதற்குத்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் வேலை ஆரம்பித்தது. இடித்த வீட்டுத் தேக்கு நல்லதாகக் கிடைத்தது, அதில் உனக்கும் சம்மதம். ஆசாரி உன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் அறுத்தார். கால் நிறுத்தும் நாளன்று ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் குறுக்கே போனது. குழாயை நகர்த்த ஆள் வர நாலு நாளாகும். நாலு நாள் பொறுத்திருக்கலாம். எனக்கு என்ன அவசரம் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே இல்லை. அந்த மூலைக் காலை இரண்டடி உள்ளே தள்ளி நிறுத்தச் சொன்னேன். ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தள்ளவேண்டும், இல்லையென்றால் கோணலாகத் தெரியும். நாலையும் தள்ளினோம். ஆசாரி வேலையை நிறுத்திவிட்டு, "அண்ணே, பாப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமே" என்றார். கேட்கவேண்டியதில்லை என்றேன். சாய்வுக் கட்டைகள் தலையில் இடிக்கும் என்று அவற்றையும் வேண்டாமென்றேன். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் கீழே பீம் கிடையாது. தளத்தைத் துளைத்தால் ஒழுகும் என்று பயந்து போல்ட்டையும் குட்டையாக வெட்டச் சொன்னேன். தட்டோட்டையும் அதற்கடியில் இருக்கிற சுண்ணாம்புக் காரையையும் மட்டும்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது. மலையில் நான் போட்ட ஷெட்டுகளுக்கெல்லாம் மூன்றடி மண்ணுக்குள் கால் புதைந்திருந்தது, மூன்று பக்கமும் மரங்கள் காற்றைத் தடுத்தன. மொட்டை மாடியில் மண் ஏது, மரம் ஏது? இந்தச் சின்ன வித்தியாசம் முப்பது வருட அனுபவத்துக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் உனக்குப் போட்டோ அனுப்பினேன், ஞாபகமிருக்கிறதா? கீழே நின்று மேல்நோக்கி எடுத்த போட்டோ. சட்டங்களும் வானமும்தான் தெரியும், கால்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாது. வேண்டுமென்றே அப்படி எடுத்தேன். நீ, "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாய். பிறகு சித்திரையில் ஒரு நாள் திடீரென்று மழை பெய்து அம்மா நனைந்தாள். மறுநாளே நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து மேலே இழுத்துக் கட்டினேன். நீ கையைப் பிடித்துச் சொன்ன ஒரே காரியம் அது.

ஆனி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். அம்மா மேலே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கீழே வாசலில் இருந்தேன். காலையிலிருந்தே மலைப்பக்கமிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு நிமிடம் சத்தமே இல்லை. தார்ப்பாய் உப்பிக்கொண்டு காற்றைப் பிடித்து நின்ற நேரம் அது என்று பிறகு புரிந்தது. அப்புறம் தட்டோடு பெயரும் சத்தமும் மரம் விழும் சத்தமும் சேர்ந்து வந்தன. நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. பந்தல் மொத்தமும் கிழக்கே சாய்ந்து, ஒரு விட்டம் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றிருந்தது. அம்மா அதற்கு ஒரு முழம் தள்ளி, விலகப் போய் விழுந்த நிலையில் கிடந்தாள். வலது கை அவள் உடம்புக்குச் சம்பந்தமில்லாத மாதிரி மடங்கியிருந்தது. அந்த வலியிலும் அவள் முதலில் சொன்னது, "மொதல்ல தார்ப்பாயை அவுத்து விடுங்க, மறுபடி இழுக்குது" என்பதுதான். எது தள்ளியது என்று கீழே கிடந்தவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

நீ ராத்திரி பஸ்சில் கிளம்பி விடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அதற்குள் நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? அம்மாவுக்குக் கட்டுப்போட்டு வார்டில் படுக்க வைத்துவிட்டு, துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆசாரியைக் கூப்பிட்டு மரத்தையெல்லாம் இறக்கிக் கொல்லையில் அடுக்கினேன். பாதுகாப்புக்காக என்று அவரிடம் சொன்னேன். அவர் போன பிறகு சிமெண்டைக் குழைத்து நாலு ஓட்டையையும் நானே பூசினேன். குட்டைப் போல்ட்டுகளைத் தார்ப்பாய்க்குள் வைத்துச் சுருட்டிப் பரணில் போட்டேன். நீ வீட்டுக்கு வந்தபோது, தட்டோடு பெயர்ந்து கிடக்கிறது, மாடிக்குப் போகாதே என்று சொன்னேன். இரண்டு நாளும் நீ அம்மாவின் பக்கத்திலேயே இருந்ததால் போகவுமில்லை. கொல்லையில் கிடந்த மரக்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எந்தப் பக்கம் முதலில் விட்டது என்று கேட்டாய். காற்று பலமாக இருந்தது, எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது என்றேன். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கணக்குப் போட்டாய். சாயங்காலம் என்னிடம் வந்து, "போல்ட்டு ஆழம் பத்தலப்பா. நான்தான் கொறச்சுப் போட்டிருக்கேன். என் தப்பு" என்றாய்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறந்தேன். என்ன சொன்னேன் என்று உனக்கும் மறந்திருக்காது. "விடு தாயி. இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்ல" என்றேன்.

ஐந்து மாதமாக அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். அதைச் சொன்னவன் கெட்டவன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே, பயந்தவன் என்றும் எடுத்துக்கொள். அம்மா அந்த விட்டத்துக்கடியில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்குள் வந்துவிடக் கூடாது என்று, கையில் கிடைத்தவர் தலையில் பழியை இறக்கினேன். கையில் கிடைத்தது நீ. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. பயந்த மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நீ தெரிந்துகொள்வது உன் தொழிலுக்கு உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் கூடுதலாக வெட்கப்படவேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. பச்சை நிறம் போகாமலிருக்க சூட்டை மெதுவாகத்தான் ஏற்றவேண்டும். ஒரு தடவை அவசரத்துக்கு முதலாளியே வந்து தீயைக் கூட்டச் சொன்னார். நிறம் போய்விடும் என்று சொல்லிப்பார்த்தேன். கேட்கவில்லை. காய் மொத்தமும் வெளுத்துவிட்டது. வாங்க வந்த வியாபாரிகள் கேட்டபோது அவர் என்னைக் காட்டி, "ஆளு புதுசு, பாத்துக்கிடல" என்றார். நான் தலை குனிந்து நின்றேன். அந்த வேலையை விடவில்லை, ஆனால் வெகுகாலம் சூட்டைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் கை தயங்கும். சரியாகச் செய்தவனுக்குத்தான் அந்தத் தயக்கம் வந்தது, தப்பாகச் செய்தவருக்கு வரவில்லை. அதே தயக்கத்தை நான் உன் கைக்குக் கொடுத்துவிட்டேன். அந்த முதலாளியை இத்தனை வருடம் மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரை மாதிரியே பேசினேன்.

ஆவணியில் தேவாரம் ஊரில் காதுகுத்து விசேஷத்துக்குப் போனோமே, அங்கே உன் பெரிய மாமா பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இஞ்சினியர் போட்ட பந்தல் மூன்று மாதம், வாழைமரம் கட்டி நான் போட்ட பந்தல் இன்னும் நிற்கிறது என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரித்ததைப் பார்த்து, பரவாயில்லை, பிள்ளை மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதன் தனக்கு வசதியானதை எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறான் பார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் அந்தப் பந்தலுக்கடியில் தினமும் உட்கார்ந்தவள். கட்டோடு இருந்த நாட்களில் நான்தான் அவளுக்குத் தலை சீவிவிட்டேன். எனக்குப் பின்னல் போட வராது, மூன்றாவது நாள்தான் ஒரு மாதிரிக் கற்றுக்கொண்டேன். அப்படிச் சீவும்போது ஒருநாள், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "பிள்ளைட்ட நீங்களா சொல்லுவீகன்னு இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ அவளிடம் கோபப்படாதே. அவள் சொல்லியிருந்தால் உனக்கு உண்மை கிடைத்திருக்கும், அப்பன் கிடைத்திருக்க மாட்டான் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆனால் வியாழக்கிழமை போனை வைத்த பிறகு அவள் பார்த்த பார்வையில், இனி பொறுக்க மாட்டேன் என்பது இருந்தது.

சனிக்கிழமை நான் ஆசாரி வீட்டுக்குப் போனேன். உன் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கரையான் அரிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தேன். நான் பூசிய சிமெண்டை உளியால் பெயர்த்தோம். நீ சொன்ன இடத்துக்கும் நான் நிறுத்திய இடத்துக்கும் டேப்பு பிடித்து, டேப்பு தெரியும்படி போட்டோ எடுத்தேன். பரணில் ஒளித்த போல்ட்டை எடுத்து நீ எழுதியிருந்த அளவோடு வைத்துப் பார்த்தோம். உன் அளவில் பாதிகூட இல்லை. ஆசாரி போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் அன்னிக்கே பாப்பாவுக்குப் போன் போட்டிருக்கணும்ணே. உங்களுக்குப் பயந்துட்டேன்" என்றார். அது அவர் தப்பில்லை, என் முன்னால் எழுந்த ஒரு நல்ல வார்த்தையை நானே அமுக்கிவிட்டேன். நீ நாளைக்கு ஆட்களை வைத்து வேலை வாங்கும்போது, யாராவது கையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தால், அந்த நிமிடம் நீயும் நின்றுவிடு. எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "பிள்ளைட்ட சொல்லிட்டீகளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு மாப்ளே வந்து நிக்கிறீக? நான் கேலி பண்ணுனதுக்கு நான் அவகிட்டப் பேசிக்கிறேன். நீங்க மொதல்ல வீட்டுக்குப் போயி எழுதுங்க" என்றார். உண்மைதான். ஆசாரியிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், எளிதான ஆட்களிடம் எல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதைத் தொடங்கினேன். இன்றைக்கு மூன்றாவது நாள்.

போட்டோக்கள் பதினொன்றும் இதோடு இருக்கின்றன. உன் கண்ணால் பார்த்து நீயே முடிவு செய். நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டாம், என் சொல்லுக்கு இப்போது அவ்வளவு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம். ஆனால் திறக்காமலிருக்க வேறு எந்தக் காரணம் வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்தப் பந்தல் இருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை உன் தோழியிடமும் காட்டு. உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட நினைத்த பெண், தப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு அதில் கூச்சம் இருக்கிறது, இருந்தாலும் காட்டு.

என் மேல் கோபம் வரும். வரட்டும். கோபம் தீரும்வரை பேசாமலிருந்தாலும் நான் போன் போட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஒன்றே ஒன்று, அடுத்த தடவை உன்மீது ஒரு பழி வரும்போது, அதை உடனே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே. முதலில் மாடிக்குப் போய்ப் பார். போகாதே என்று அப்பாவே சொன்னாலும் போய்ப் பார்.

இதை மடிக்கப் போகும்போது அம்மா வந்து, தானும் ஒரு வரி எழுதவேண்டும் என்றாள். கட்டுப் பிரித்த பிறகு அவள் பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படித்துக்கொள். "பாப்பா, தேக்கு நல்லாத்தான் இருக்கு. புதுப் படம் போடு, இந்தத் தடவை எனக்கு ஒரு ஊஞ்சலும் சேர்த்துப் போடு" என்று எழுதியிருக்கிறாள். ஊஞ்சலை எந்த விட்டத்தில் மாட்டினால் தாங்கும் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டால், நீ காட்டுகிற இடத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அப்பா